ஆயுத வாகனக் கணினி விளையாட்டுகள்

ஆயுத வாகனக் கணினி விளையாட்டுகள், டாங்கி, கவச வண்டி, ஆயுதம் பொருத்திய கார் முதலிய தரை வாகனங்களை ஓட்டிச் சென்று எதிரியைச் சுடுவதை அடிப்படையாகக் கொண்டவை. 1974-ல் அமெரிக்காவின் ஆர்கேட் கூடங்களில் தொடங்கிய இவ்வகை 1980-களில் ஆப்பிள் 2, கமோடோர் 64, இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம், அமிகா, ஐபிஎம் பிசி ஆகிய வீட்டுக் கணினிகளில் வளர்ந்தது. முப்பரிமாணக் காட்சியை வீட்டுக்குள் கொண்டுவந்த தொடக்ககால விளையாட்டுகளில் பல இவ்வகையைச் சேர்ந்தவை. விளையாட்டுக்கும் போர்ப் பயிற்சிக்கும் உள்ள உறவு குறித்த தொடக்ககால விவாதங்கள் சிலவும் இவற்றை ஒட்டியே எழுந்தன.

தோற்றம்

இவ்வகையின் முன்னோடி கீ கேம்ஸ் நிறுவனம் 1974 நவம்பரில் வெளியிட்ட 'டாங்க்'. கீ கேம்ஸ் வெளியுலகுக்கு அட்டாரியின் போட்டி நிறுவனமாகக் காட்டப்பட்டது. உண்மையில் அது அட்டாரியே உருவாக்கிய துணை நிறுவனம். அன்றைய அமெரிக்க விநியோகஸ்தர்கள் தங்கள் பகுதியில் ஒரு நிறுவனத்தின் இயந்திரங்களைத் தாங்கள் மட்டுமே விற்க வேண்டும் என நிபந்தனை விதித்தனர். ஒரே சரக்கை இரண்டு பெயர்களில் விற்றால் ஒரே ஊரில் இரண்டு விநியோகஸ்தர்களிடம் விற்கலாம் என்று அட்டாரி கணக்கிட்டது.

டாங்க் விளையாட்டை ஸ்டீவ் பிரிஸ்டோவும் லைல் ரெயின்ஸும் உருவாக்கினர். இருவர் ஆடும் விளையாட்டு. மேலிருந்து பார்க்கும் கோணத்தில் ஒரு சுவர்ச் சிக்கலும் நடுவே கண்ணிவெடிகளும் இருந்தன. ஒவ்வொருவருக்கும் இரண்டு நெம்புகோல்கள் தரப்பட்டன. இடது நெம்புகோல் இடப்பக்கச் சங்கிலிப் பட்டையையும் வலது நெம்புகோல் வலப்பக்கப் பட்டையையும் இயக்கின. இரண்டையும் முன்னே தள்ளினால் வண்டி நேராகச் செல்லும். ஒன்றை முன்னும் மற்றொன்றைப் பின்னும் தள்ளினால் நின்ற இடத்திலேயே திரும்பும். உண்மையான சங்கிலிப் பட்டை வண்டி திரும்பும் முறையும் இதுவே. படங்களை டயோடு இணைப்புகளில் வைக்காமல் ரோம் சில்லில் சேமித்த முதல் விளையாட்டுகளில் ஒன்று என்பதால் டாங்கிகளின் உருவம் அக்கால விளையாட்டுகளைவிடத் தெளிவாக இருந்தது.

டாங்க் பெரும் வெற்றி பெற்றது. கீ கேம்ஸ் அட்டாரியுடன் இணைக்கப்பட்டு, அதன் தலைவர் ஜோ கீனன் அட்டாரியின் தலைவரானார்.

வீட்டுக்கு வந்த டாங்கி

1977 செப்டம்பரில் அட்டாரி தன் வீட்டு விளையாட்டுக் கருவியான விசிஎஸ்-ஐ வெளியிட்டது. பின்னர் அட்டாரி 2600 என்று அறியப்பட்டது இக்கருவி. இதனுடன் 'காம்பாட்' என்ற விளையாட்டுப் பேழை சேர்த்து விற்கப்பட்டது. டாங்கி, இருதளச் சிறகு விமானம், ஜெட் விமானம் ஆகியவற்றைக் கொண்ட 27 ஆட்ட வகைகள் அதில் இருந்தன. அவை அனைத்தும் 2 கிலோபைட்டுக்குள் எழுதப்பட்டவை.

விசிஎஸ்-இன் வன்பொருளே டாங்க், பாங் ஆகிய இரு விளையாட்டுகளை மனதில் கொண்டு அமைக்கப்பட்டது. அதன் திரைச் சில்லு இரண்டு ஆட்டக்காரர் உருவங்கள், இரண்டு குண்டுகள், ஒரு பந்து, ஒரு பின்னணி என்ற அளவிலேயே பொருட்களை அறியும். அதாவது இரண்டு டாங்கிகளும் அவற்றின் குண்டுகளும் அக்கருவியின் உடற்கூறிலேயே இருந்தன. காம்பாட் கருவியுடன் கட்டாயமாக வந்ததால் லட்சக்கணக்கான அமெரிக்க வீடுகளில் முதலில் ஆடப்பட்ட மின்னணு விளையாட்டு டாங்கிச் சண்டையாக அமைந்தது. எனினும் அது தட்டையான திரையில் இருவர் எதிரெதிரே ஆடும் ஆட்டமாகவே இருந்தது.

பேட்டில்ஸோன்

1980 நவம்பரில் அட்டாரி வெளியிட்ட ஆர்கேட் விளையாட்டான 'பேட்டில்ஸோன்' இவ்வகையின் திருப்புமுனை. எட் ராட்பெர்க் இதை வடிவமைத்து நிரல் எழுதினார். ஹோவர்ட் டெல்மன் வன்பொருளிலும் ரோஜர் ஹெக்டர் காட்சி வடிவமைப்பிலும் பங்களித்தனர். ஆட்டக்காரர் நீர்மூழ்கிக் கப்பலின் பெரிஸ்கோப் போன்ற ஒரு கண்ணாடிச் சாளரத்தில் முகத்தைப் பதித்து, டாங்கியின் உள்ளிருந்து வெளியே பார்ப்பதுபோல ஆடினார். கைகளில் அதே இரண்டு நெம்புகோல்கள்.

பேட்டில்ஸோன் வெக்டர் திரையைப் பயன்படுத்தியது. சாதாரணத் தொலைக்காட்சி படத்தை வரிவரியாகப் புள்ளிகளால் நிரப்பும். வெக்டர் திரை ஒரு புள்ளியிலிருந்து மற்றொரு புள்ளிக்கு நேராகக் கோடு இழுக்கும். ஆகவே டாங்கிகளும் தடுப்புக் கூம்புகளும் கனசதுரங்களும் உள்ளீடற்ற கம்பிக் கூடுகளாகப் பச்சை ஒளியில் தெரிந்தன.

அன்றைய 6502 செயலிக்குப் பெருக்கல் கட்டளையே கிடையாது. ஒரு பொருளை முப்பரிமாணத்தில் திருப்பிக் காட்ட அதன் ஒவ்வொரு மூலைப்புள்ளிக்கும் பல பெருக்கல்களும் ஒரு வகுத்தலும் தேவை. இதைச் செய்ய 'மேத் பாக்ஸ்' எனப்பட்ட தனிக் கணக்கீட்டுச் சுற்று ஏஎம்டி 2901 சில்லுகளால் அமைக்கப்பட்டது. செயலி எண்களைக் கொடுத்தால் அச்சுற்று விடையைத் திருப்பித் தரும்.

தொலைவில் தெரியும் மலைத்தொடர், பிறைநிலவு, குமுறும் எரிமலை ஆகியவை இக்கணக்கீட்டில் சேராதவை. டாங்கி திரும்பும் கோணத்துக்கு ஏற்ப அவை பக்கவாட்டில் நகரும். டாங்கி எவ்வளவு தூரம் ஓடினாலும் அவற்றின் அளவு மாறாது. எரிமலை குமுற வேண்டும் என்ற யோசனையைச் சொல்லி அதற்கான நிரலையும் தந்தவர் அட்டாரியின் மற்றொரு நிரலாளரான ஓவன் ரூபின். தொடர்ந்து ஓட்டிச் சென்றால் எரிமலையை அடையலாம், அங்கே ஒரு கோட்டை இருக்கிறது என்ற வதந்தி ஆட்டக்காரர்களிடையே பரவியது. கணக்கீட்டைச் சுருக்குவதற்காக வரையப்பட்ட பின்னணி, செல்ல முடியாத ஓர் ஊராக அவர்கள் கற்பனையில் நிலைத்தது.

பிராட்லி பயிற்சிக் கருவி

பேட்டில்ஸோன் வெளிவந்த சில வாரங்களில் அமெரிக்க ராணுவத்தின் பயிற்சிப் பிரிவு சார்பில் ஓய்வுபெற்ற அதிகாரிகள் அட்டாரியை அணுகினர். புதிதாகப் படையில் சேர்க்கப்பட இருந்த பிராட்லி காலாட்படைக் கவச வண்டியின் சுடுநர்களுக்குப் பயிற்சி தர இவ்விளையாட்டை மாற்றித் தர முடியுமா என்பது அவர்களின் கோரிக்கை.

எட் ராட்பெர்க் இதை எதிர்த்தார். விளையாட்டுகளை உருவாக்கவே இப்பணிக்கு வந்ததாகவும் ராணுவத்துக்காக வேலை செய்ய விரும்பினால் அதற்கு வேறு நிறுவனங்கள் இருந்தன என்றும் அவர் கருதினார். நிர்வாகம் ஒப்புக்கொண்டுவிட்ட நிலையில், இனி எந்த ராணுவப் பணிக்கும் தன்னை அழைக்கக் கூடாது என்ற நிபந்தனையுடன் முன்மாதிரியைச் செய்து தர இசைந்தார். 1981 மார்ச்சில் நடந்த ராணுவக் கூட்டத்தில் காட்ட வேண்டியிருந்ததால் ஏறத்தாழ மூன்று மாதங்கள் இடைவிடாமல் உழைத்தார்.

பிராட்லி கருவி பேட்டில்ஸோனிலிருந்து பல வகைகளில் வேறுபட்டது. ஆட்டக்காரர் வண்டியை ஓட்ட முடியாது, சுடுகோபுரத்தை மட்டும் திருப்பலாம். தொலைவுக்கேற்ப குண்டு தாழ்ந்து விழும் என்பதைக் கணக்கிட்டுக் குறிவைக்க வேண்டும். இலக்குக்கு ஏற்ற ஆயுதத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். திரையில் எதிரி வண்டிகளுடன் சொந்தப் படையின் வண்டிகளும் வரும். அவற்றை அடையாளம் கண்டு சுடாமல் விடுவதும் பயிற்சியின் பகுதி. விளையாட்டில் நகர்வது எல்லாம் எதிரி என்ற விதி இங்கே செல்லாது.

திட்டம் முன்மாதிரி அளவிலேயே நின்றது. அதற்கென வடிவமைக்கப்பட்ட இருகைப் பிடி மட்டும் பின்னர் அட்டாரியின் 'ஸ்டார் வார்ஸ்' (1983) ஆர்கேட் விளையாட்டில் பயன்பட்டது. ராட்பெர்க் 1981-ல் அட்டாரியிலிருந்து விலகி டெல்மன், ஹெக்டர் ஆகியோருடன் விடியா என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்.

வீட்டுக் கணினி வடிவங்கள்

1983, 1984 ஆண்டுகளில் பேட்டில்ஸோனை அட்டாரி தன் அட்டாரிசாஃப்ட் பெயரில் ஆப்பிள் 2, கமோடோர் 64, ஐபிஎம் பிசி முதலிய கணினிகளுக்கு வெளியிட்டது. பிரிட்டனில் குவிக்சில்வா நிறுவனம் 1984-ல் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரமுக்கு வெளியிட்டது. அட்டாரி 2600-க்கான 1983-ஆம் ஆண்டு வடிவம் கம்பிக் கூடுகளைக் கைவிட்டு, டாங்கியைப் பின்னாலிருந்து பார்க்கும் வண்ணப் படங்களைப் பயன்படுத்தியது.

அதிகாரபூர்வ உரிமம் இல்லாத பல விளையாட்டுகளும் வெளிவந்தன. பிரிட்டனின் லீட்ஸ் நகரைச் சேர்ந்த ரியல்டைம் கேம்ஸ் 1984-ல் வெளியிட்ட '3டி டாங்க் டூயல்' ஸ்பெக்ட்ரம் ஆட்டக்காரர்களிடம் பெயர் பெற்றது. பால் வோக்ஸ் எழுதி நோவாஜென் வெளியிட்ட 'என்கவுண்டர்' (1983) கம்பிக் கோடுகளைத் தவிர்த்து நிறம் நிரப்பிய உருளைத் தூண்கள் நிற்கும் சமவெளியை மிக விரைவாக நகர்த்திக் காட்டியது.

வீட்டுக் கணினிகளில் மேத் பாக்ஸ் கிடையாது. ஸ்பெக்ட்ரமின் இசட்80 செயலி 3.5 மெகாஹெர்ட்ஸ் வேகத்திலும் கமோடோர் 64-இன் செயலி ஏறத்தாழ 1 மெகாஹெர்ட்ஸ் வேகத்திலும் இயங்கின. இரண்டிலும் பெருக்கல் கட்டளை இல்லை. தொலைக்காட்சித் திரையில் கோடு இழுப்பதற்கும் ஒவ்வொரு புள்ளியாக நினைவகத்தில் எழுத வேண்டும். நிரலாளர்கள் சைன் மதிப்புகளையும் பெருக்கல் விடைகளையும் முன்பே கணக்கிட்டு அட்டவணையாக நினைவகத்தில் வைத்துக்கொண்டனர். கணக்குப் போடும் நேரத்தை அட்டவணையைப் பார்க்கும் நேரமாகக் குறைப்பது அவர்களின் முதன்மை உத்தி.

டாங்கியைத் தேர்ந்தெடுத்ததும் இவ்வகை உத்திகளில் ஒன்று எனலாம். விமானம் மேலும் கீழும் எழும், பக்கவாட்டில் சாயும், ஆகவே மூன்று அச்சுகளிலும் திருப்பல் கணக்கிட வேண்டும். சமவெளியில் ஓடும் டாங்கி செங்குத்து அச்சில் மட்டுமே திரும்புகிறது. அடிவானம் எப்போதும் திரையின் நடுவே நேர்க்கோடாக நிற்கும். டாங்கியின் உடல் பெட்டியும் குழாயுமாக அமைந்திருப்பதால் சில கோடுகளிலேயே அடையாளம் தெரிந்துவிடும். அது மெதுவாகச் செல்லும் வண்டி என்பதால் ஒரு நொடிக்குச் சில படங்களே மாறினாலும் ஆட்டக்காரருக்கு உறுத்தாது. வலிமை குறைந்த கணினி எளிதாகச் சுமக்கக்கூடிய முப்பரிமாண உலகம் டாங்கியின் உலகமாக இருந்தது.

அமெரிக்காவில் டேமன் ஸ்லை ஆப்பிள் 2-க்கு எழுதிய 'ஸ்டெல்லர் 7' (1983) இப்போக்கின் குறிப்பிடத்தக்க படைப்பு. ஏழு விண்மீன் மண்டலங்களை ஒவ்வொன்றாகக் கடந்து செல்லும் கதையமைப்பு அதற்கு இருந்தது. ஒரே சமவெளியில் முடிவின்றிச் சுடுவதற்குப் பதிலாகச் சென்று சேர ஓர் இடத்தை அது தந்தது. ஸ்லை ஜெஃப் டனலுடன் சேர்ந்து ஆரெகன் மாநிலத்தின் யூஜீன் நகரில் டைனமிக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். அந்நிறுவனத்தின் 'ஆர்க்டிக்ஃபாக்ஸ்' (1986) அண்டார்டிகாவில் நிகழும் டாங்கிச் சண்டையை அமிகா கணினியில் நிறம் நிரப்பிய பரப்புகளால் காட்டியது.

மேற்கு ஜெர்மனியின் தடைப்பட்டியல்

1984 டிசம்பரில் மேற்கு ஜெர்மனியின் இளையோர் பாதுகாப்பு ஆய்வு அலுவலகம் மின்னணு விளையாட்டுகளை முதன்முறையாகத் தன் தடைப்பட்டியலில் சேர்த்தது. அம்முதல் விளையாட்டுகளில் பேட்டில்ஸோனும், ஆற்றின் மேல் விமானம் ஓட்டிச் சுடும் 'ரிவர் ரெய்ட்' விளையாட்டும் இடம்பெற்றன. பட்டியலில் சேர்ந்த படைப்பை சிறுவர்களுக்கு விற்கவோ அவர்கள் பார்க்கும்படி கடையில் வைக்கவோ விளம்பரம் செய்யவோ கூடாது. பெரியவர்கள் வாங்குவதற்குத் தடையில்லை. ஆனால் விளம்பரமும் காட்சிப்படுத்தலும் இல்லாத பொருள் கடைகளிலிருந்து மறைவதே நடைமுறையில் நிகழ்ந்தது.

ரிவர் ரெய்ட் குறித்த முடிவில், சிறுவர்கள் தங்களை இரக்கமற்ற போராளியாக எண்ணிப் பழகுவதும் விளையாட்டு ஒருவகைத் துணைராணுவப் பயிற்சியாக அமைவதும் காரணமாகக் கூறப்பட்டன. அவ்விளையாட்டு 2002-ல்தான் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. மேற்கு ஜெர்மனி அப்போது இரு வல்லரசு அணிகளின் எல்லையாக இருந்தது. இரு அணிகளின் டாங்கிப் படைகளும் அதன் எல்லையின் இரு புறமும் நின்றன. 1983-ல் அமெரிக்க ஏவுகணைகளை அங்கு நிறுத்துவதற்கு எதிராக லட்சக்கணக்கானோர் திரண்டனர். அந்நாட்டில் டாங்கி தொலைதூரக் கற்பனையாக இருக்கவில்லை.

அமெரிக்க ராணுவம் பேட்டில்ஸோனைப் பயிற்சிக்கு உதவும் என்று கருதி விரும்பியது. மேற்கு ஜெர்மன் அலுவலகம் இவ்வகை விளையாட்டுகளைப் பயிற்சியாகிவிடும் என்று கருதி அஞ்சியது. எதிரெதிர் முடிவுக்கு வந்த இரண்டு அரசு அமைப்புகளும் ஒரே எண்ணத்திலிருந்தே தொடங்கின. ஆனால் பிராட்லி கருவிக்காக ராட்பெர்க் செய்ய வேண்டியிருந்த மாற்றங்கள் இரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவைக் காட்டுகின்றன. நட்பு வண்டியைச் சுடாமல் விடுதல், தொலைவைக் கணித்தல், ஆயுதம் தேர்தல் ஆகிய பயிற்சிக்குரிய கூறுகள் எவையும் மூல விளையாட்டில் இல்லை. அதிலிருந்தது வேகமாகத் திரும்பி முந்திச் சுடுவது மட்டுமே.

ஆயுதக் கார்கள்

டாங்கிக்கு இணையாக ஆயுதம் பொருத்திய கார் மற்றொரு கிளையாக வளர்ந்தது. இதன் மூலம் கணினிக்கு வெளியே இருந்தது. ஸ்டீவ் ஜாக்சன் கேம்ஸ் வெளியிட்ட 'கார் வார்ஸ்' என்ற பலகை விளையாட்டைச் சாட் இர்பியும் ஸ்டீவ் ஜாக்சனும் வடிவமைத்தனர். நெடுஞ்சாலையில் சட்டம் ஒழுங்கு குலைந்த எதிர்கால அமெரிக்கா அதன் களம். எண்ணெய் நெருக்கடிகளைக் கண்ட 1970-களின் அமெரிக்க அச்சங்களும், அக்காலத்து அறிபுனைக் கதைகளும் அதில் கலந்திருந்தன. 'மேட் மேக்ஸ்' (1979) ஆஸ்திரேலியத் திரைப்படமும் அதன் 1981-ஆம் ஆண்டுத் தொடர்ச்சியும் இக்கற்பனையைப் பரவலாக்கின.

கார் வார்ஸைத் தழுவி ஒரிஜின் சிஸ்டம்ஸ் 1985-ல் 'ஆட்டோடூயல்' விளையாட்டை ஆப்பிள் 2-க்கு வெளியிட்டது. சக் பூஷேயும் ரிச்சர்ட் கேரியட்டும் இதை உருவாக்கினர். அமெரிக்காவின் வடகிழக்கு நகரங்களுக்கிடையே சரக்கு கொண்டுசென்றும் அரங்கில் சண்டையிட்டும் பணம் ஈட்டி, அப்பணத்தில் காரைக் கட்டமைப்பது இதன் மையம். சட்டகம், மின்கலம், டயர், கவசம், ஆயுதம் ஒவ்வொன்றுக்கும் எடையும் விலையும் உண்டு. முன்புறக் கவசத்தைத் தடிமனாக்கினால் பின்புறம் மெலியும், ஆயுதம் கூட்டினால் வேகம் குறையும். சண்டை தொடங்குவதற்கு முன் பணிமனையிலேயே பாதி வெற்றி முடிவாகிவிடும். நகல் உடல் வாங்கி வைக்காத ஆட்டக்காரர் இறந்தால் அவர் பாத்திரமும் முடிந்துவிடும். நாணயம் போட்டால் மூன்று உயிர் தரும் ஆர்கேட் மரபிலிருந்து இது முற்றிலும் விலகியது.

எஸ்எஸ்ஐ வெளியிட்ட 'ரோட்வார் 2000' (1986) தனிக் காருக்குப் பதிலாக ஒரு கும்பலின் வண்டித்தொகுதியை ஆட்டக்காரரிடம் ஒப்படைத்தது. உயிரியல் ஆயுதத்தால் சிதைந்த நாட்டில், தடுப்பு மருந்து கண்டறிய எட்டு அறிவியலாளர்களைத் தேடிச் சேர்ப்பது இலக்கு. உணவு, எரிபொருள், டயர், மருந்து ஆகியவற்றின் இருப்பே ஆட்டத்தின் பெரும்பகுதியைத் தீர்மானித்தது. டைனமிக்ஸின் 'டெத் டிராக்' (1989) ஆயுதக் கார்களைப் பந்தயத் தடத்துக்குக் கொண்டுசென்றது.

பாவனை விளையாட்டுகள்

1980-களின் பிற்பகுதியில் கணினிகளின் வேகமும் வட்டுகளின் கொள்ளளவும் கூடியபோது, உண்மையான வண்டியை அதன் கருவிகளுடன் பாவனை செய்யும் விளையாட்டுகள் வந்தன. அக்கோலேட் வெளியிட்ட 'ஸ்டீல் தண்டர்' (1988), டைனமிக்ஸின் 'ஏப்ரம்ஸ் பேட்டில் டாங்க்' (1988) ஆகியவை இதில் அடங்கும். ரியல்டைம் கேம்ஸின் 'கேரியர் கமாண்ட்' (1988) ஒரு தாய்க்கப்பலையும் அதிலிருந்து அனுப்பும் விமானங்களையும், நீரிலும் நிலத்திலும் செல்லும் வண்டிகளையும் ஆட்டக்காரரின் ஆளுகைக்குள் தந்தது.

இவற்றில் விரிவானது மைக்ரோப்ரோஸ் நிறுவனத்தின் 'எம்1 டாங்க் பிளாட்டூன்' (1989). விமானப்படை விமானியாக இருந்த பில் ஸ்டீலியும் நிரலாளர் சிட் மேயரும் 1982-ல் மேரிலாந்தில் தொடங்கிய நிறுவனம் இது. ஆர்னால்ட் ஹெண்ட்ரிக் வடிவமைத்த இவ்விளையாட்டில் நான்கு டாங்கிகளும் அவற்றின் 16 வீரர்களும் ஆட்டக்காரரின் பொறுப்பில் இருந்தனர். தளபதி, சுடுநர், ஓட்டுநர் இருக்கைகளில் மாறி மாறி அமரலாம். வரைபடத்தில் நின்று மொத்தப் படையையும் நகர்த்தலாம். ஒரு சண்டையில் பிழைத்த வீரர்களின் திறன் அடுத்த சண்டையில் கூடும். இறந்தவர் இடத்தில் பழக்கமற்ற புதியவர் வருவார். பெட்டிக்குள் வந்த தடித்த கையேடு இரு தரப்பு ஆயுதங்களையும் போர்முறைகளையும் விளக்கியது.

இதன் களம் ஐரோப்பாவில் நேட்டோ படையும் சோவியத் படையும் மோதும் கற்பனைப் போர். விளையாட்டு வெளிவந்த 1989-ஆம் ஆண்டு நவம்பரில் பெர்லின் சுவர் திறந்தது. ஆட்டக்காரர்கள் திரையில் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்த போருக்கான காரணங்கள் அடுத்த இரண்டு ஆண்டுகளில் மறைந்தன. அமெரிக்க ராணுவமும் இதற்குள் விளையாட்டு நிறுவனங்களைச் சாராமல், டாங்கிப் பாவனைக் கூண்டுகளை வலையமைப்பால் இணைக்கும் சிம்நெட் என்ற சொந்தப் பயிற்சி அமைப்பை உருவாக்கிக்கொண்டது.

வரலாற்று இடம்

1990-களில் கணினிகள் அறைகளையும் மாடிப்படிகளையும் மனித உருவங்களையும் விரைவாக வரையும் வலிமை பெற்றபோது, முதல்நபர் கோண விளையாட்டுகளின் நாயகன் வண்டியிலிருந்து இறங்கி நடக்கத் தொடங்கினான். 'உல்ஃபென்ஸ்டைன் 3டி' (1992) போன்றவை அவ்விடத்தைப் பிடித்தன. ஆயுத வாகனம் தனித்த ஒரு கிளையாகத் தொடர்ந்தது. ஆக்டிவிஷனின் 'இன்டர்ஸ்டேட் 76' (1997) ஆயுதக் கார் மரபையும், அதே நிறுவனம் 1998-ல் வெளியிட்ட புதிய பேட்டில்ஸோன் டாங்கி மரபையும் புதுப்பித்தன.

ஒரு கணினி எதை வரைய முடியும் என்ற எல்லை, எதைப் பற்றி விளையாட்டு எழுதப்படும் என்பதை முடிவுசெய்தது என்பதற்கு இவ்வகை தெளிவான சான்று. பத்து, இருபது கோடுகளில் வரைய முடிந்த பொருள் போர்வண்டியாக இருந்ததால் வீட்டுக்குள் வந்த முதல் முப்பரிமாண உலகங்களில் பல போர்க்களங்களாயின. அக்களங்கள் விளையாட்டா பயிற்சியா என்ற கேள்வியை இளையோர் பாதுகாப்பு அலுவலகம் வெளியிலிருந்து எழுப்புவதற்கு முன்னரே, அவற்றை எழுதிய நிரலாளர் ஒருவர் தன் வேலையிடத்தில் எதிர்கொள்ள நேர்ந்தது. ராணுவத்துக்குப் பணியாற்ற மாட்டேன் என்று எட் ராட்பெர்க் விதித்த நிபந்தனை, கணினி விளையாட்டு வரலாற்றில் இக்கேள்விக்கு உருவாக்குநர் தரப்பிலிருந்து வந்த தொடக்ககால விடைகளில் ஒன்றாகக் கருதப்படுகிறது.